டெலஸ்கோப் மேல் ஒரு மினி பிசி: என்100 பெட்டி எவ்வளவு தாங்கும்?

மேஜையில் லேப்டாப்பை வைத்து, அதிலிருந்து நாலைந்து யூஎஸ்பி கேபிளை, டெலஸ்கோப்பைத் தாங்கித் திருப்பும் மவுண்டுக்கு இழுத்துவிட்டு வானப் படம் எடுப்பவர்களுக்கு இப்போது மூன்று மாற்று வழிகள் உண்டு. டெலஸ்கோப்பின் மேலேயே உட்காரும் இன்டெல் என்100 மினி பிசி, ஸிடபிள்யூஓ நிறுவனத்தின் ஏஎஸ்ஐஏர் என்ற கட்டுப்பாட்டுப் பெட்டி, லினக்ஸ் போட்ட ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி. இங்கே பார்க்கப்போவது முக்கியமாக முதலாவதை. பல பெயர்களில் விற்றாலும் உள்ளே ஏறக்குறைய ஒரே சரக்குதான்: 8 அல்லது 16 ஜிபி ராம், 256 அல்லது 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11 ப்ரோ, 12 வோல்ட் டிசி இன்புட்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கொடுக்கிற காசுக்கு இதை மிஞ்ச இப்போதைக்கு வேறு எதுவும் இல்லை. ஆனால் அட்டைப்பெட்டியைப் பிரித்த கையோடு மவுண்டில் மாட்டினால், நல்ல ராத்திரியாகப் பார்த்துக் காலை வாரிவிடும். தானாக எதையும் மாற்றிக்கொள்ளாத, ஒரே வேலையை மட்டும் செய்கிற கருவியாக அதை அடக்கி வைக்க ஒரு மாலை முழுக்க ஆகும்.

வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாலு கோர், 6 வாட் சிப். படமெடுப்பதை நடத்தும் நீனா, டெலஸ்கோப் நட்சத்திரத்தை விட்டு விலகாமல் பார்க்கும் பிஎச்டி2, படத்தை வைத்து டெலஸ்கோப் எங்கே பார்க்கிறது என்று கண்டுபிடிக்கும் ஆஸ்டாப் ஆகிய மூன்று சாஃப்ட்வேரும் சேர்ந்து ஓடினாலும் மூச்சு வாங்காது. ஐஎம்எக்ஸ்571 சென்சார் கேமராவின் ஒரு படம் 16 பிட்டில் சுமார் 52 எம்பி. மூன்று நிமிட எக்ஸ்போஷரில் எட்டு மணி நேரத்துக்கு 160 படம், மொத்தம் எட்டேகால் ஜிபி. மூன்று நிமிடத்துக்கு ஒரு 52 எம்பி ஃபைல் எழுத எந்த டிஸ்க்கும் திணறாது. கிரக வீடியோ எடுப்பவர்கள் மட்டும் எஸ்எஸ்டிக்குப் பதில் இஎம்எம்சி சேமிப்பு வைத்த மாடல்களை விலக்கிவிடுங்கள். நொடிக்கு நூற்றுக்கு மேல் ஃப்ரேம் வரும்போது அது எழுத முடியாமல் ஃப்ரேம்களைத் தவறவிடும். 61 மெகாபிக்சல் முழு ஃப்ரேம் கேமரா இருந்தால் 16 ஜிபி ராம் எடுப்பது நல்லது. படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கும் ஸ்டாக்கிங், ப்ராசசிங் எல்லாம் வீட்டிலிருக்கும் பெரிய மெஷினுக்கு. இந்தப் பெட்டியில் அந்த சாஃப்ட்வேரை இன்ஸ்டால்கூடப் பண்ண வேண்டாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது சிப்பை அல்ல, பவர் சாக்கெட்டை. 19 வோல்ட் கேட்கும் பெட்டி வேண்டாம். பேட்டரியில் ஓட்ட இன்னொரு கன்வர்ட்டர் சுமக்க வேண்டிவரும். 12 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் அதை நேராக பேட்டரியில் சொருகுவது சரியல்ல. நாலு செல் லித்தியம் ஐயன் ஃபாஸ்பேட் பேட்டரி சார்ஜில் இருக்கும்போது 14.6 வோல்ட் வரை ஏறும். லெட் ஆசிட் பேட்டரி பின்னிரவில் 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும். அதோடு கேபிளில் விழும் இழப்பையும் சேருங்கள். 0.75 சதுர மில்லிமீட்டர் கம்பி மூன்று மீட்டர் நீளம் என்றால், போய்வரும் தூரம் ஆறு மீட்டர், ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.14 ஓம். கேமரா கூலரும், லென்ஸில் பனி படியாமல் காக்கும் ட்யூ ஹீட்டரும் சேர்ந்து 5 ஆம்பியர் இழுத்தால் 0.7 வோல்ட் அங்கேயே போய்விடும். நடுராத்திரி ஹீட்டர் முழு வேகத்துக்குப் போன நொடியில் பிசி ரீபூட் ஆவதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான். பலர் விண்டோஸைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டு, பிசிக்கு மட்டும் தனியாக, இன்புட் ஏறினாலும் இறங்கினாலும் 12 வோல்ட் அவுட்புட் தரும் பக்-பூஸ்ட் ரெகுலேட்டர் ஒன்றும் 5 ஆம்பியர் ஃபியூஸும் வைத்தால் தீர்ந்தது. மின்செலவு குறைவுதான். சராசரி 10 வாட் என்று வைத்தால் பத்து மணி நேரத்துக்கு சுமார் 8.3 ஆம்பியர்-அவர் போகும்.

இன்னொரு வில்லன் டிசி பிளக். வெளி விட்டம் இரண்டுக்கும் 5.5 மில்லிமீட்டர்தான்; உள்ளே 2.1, 2.5 என்று இரண்டு வகை. 2.1 பிளக் 2.5 சாக்கெட்டில் நுழையவே நுழையாது, அதனால் பிரச்சினை இல்லை. 2.5 பிளக் 2.1 சாக்கெட்டில் அழகாகப் போய் உட்காரும், வீட்டில் சோதித்தால் ஓடவும் செய்யும். குறிவைத்த பொருள் வானத்தின் நடுக்கோட்டைத் தாண்டியதும் டெலஸ்கோப் மறுபக்கம் திரும்பும் மெரிடியன் ஃபிளிப்பின்போது தொடர்பு ஒரு கணம் விட்டுப்போகும், எல்லாம் அணையும். சொருகிய பிளக்கை விரலால் லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் மாற்றுங்கள்.

கேபிள் எண்ணிக்கை குறைவதுதான் இந்தப் பெட்டியால் கிடைக்கும் உண்மையான நிம்மதி. கேமரா, நட்சத்திரத்தைப் பின்தொடர உதவும் கைட் கேமரா, ஃபோகஸர், ஃபில்டர் வீல் எல்லாம் அரை மீட்டர் கேபிளில் முடிந்துவிடும். கீழே இறங்குவது ஒரே ஒரு 12 வோல்ட் கம்பி. முக்கிய கேமராவை நேராக பிசியின் யூஎஸ்பி 3 போர்ட்டிலும், மற்றவற்றைத் தனி 12 வோல்ட் இன்புட் உள்ள ஹப்பிலும் சொருகலாம். எந்தக் கருவி எந்தப் போர்ட்டில் என்று லேபிள் ஒட்டி, பிறகு மாற்றவே கூடாது. சிஎச்340 என்ற யூஎஸ்பி-சீரியல் சிப் வைத்த ஃபோகஸர்களுக்குத் தனி சீரியல் எண் கிடையாது. போர்ட் மாற்றினால் விண்டோஸ் தரும் காம் போர்ட் எண்ணும் மாறும், நேற்றுவரை கனெக்ட் ஆனது இன்று ஆகாது.

பெட்டியை மாட்டும் இடமும் முக்கியம். நியூட்டோனியன் (கண்ணாடி வைத்த டெலஸ்கோப்) குழாயின் வாய்ப்பக்கம் வேண்டாம். அதன் சூடான காற்று ஒளிப்பாதையில் ஏறி நட்சத்திரங்களை உப்பவைக்கும். ஃபேன் இல்லாத மாடல் என்றால் பனியையும் தூசியையும் உள்ளே இழுக்காது. நீல எல்இடி மேல் ஒரு துண்டு கறுப்பு டேப்.

இனி விண்டோஸ். முதலில் பயாஸில் போய், மின்சாரம் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி வையுங்கள். பல என்100 பெட்டிகளில் இது ‘ஸ்டேட் ஆஃப்டர் ஜி3’ என்ற பெயரில் ஒளிந்திருக்கும். அதை எஸ்0 ஆக்க வேண்டும். பிறகு பாஸ்வேர்ட் உள்ள லோக்கல் அக்கவுன்ட். வேறு மெஷினிலிருந்து இதை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் காலி பாஸ்வேர்டை ஏற்காது. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் நுழைந்தால் புது விண்டோஸ் 11 பதிப்புகள் கேட்காமலே டிஸ்க்கை என்கிரிப்ட் செய்துவிடக்கூடும். அப்புறம் ஒரு பயாஸ் அப்டேட் ஆனதும் ரிக்கவரி கீ கேட்கும். கீபோர்டும் மானிட்டரும் இல்லாத பெட்டியிடம் அதை எங்கே அடிப்பது? செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷனைப் பாருங்கள். ஆனாக இருந்தால் அணையுங்கள், அல்லது கீயைக் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

பவர் ஆப்ஷன்ஸில் ஸ்லீப் ‘நெவர்’. ஹைபர்னேட்டை முழுக்க அணைத்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் சேர்ந்து போய்விடும். அது போகத்தான் வேண்டும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும்வரை ஷட்டவுன் என்பது பாதித் தூக்கம்தான். மறுநாள் சில கேமரா டிரைவர்கள் கண்விழிக்காமல் கிடக்கும். யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை டிஸேபிள் செய்யுங்கள். அதோடு நிறுத்தாமல் டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யூஎஸ்பி ரூட் ஹப்பிலும் பவர் மேனேஜ்மென்ட் டேபில், மின்சாரம் சேமிக்க இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள். கைட் கேமரா இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை காணாமல் போகும் புகாரில் முதலில் சந்தேகிக்க வேண்டியவை இந்த டிக்கும் கேபிளும்தான்.

அப்டேட்டுக்கு ஆக்டிவ் அவர்ஸ் அதிகபட்சம் 18 மணி நேரம் வைக்கலாம். விண்டோஸ் மனசில் இருப்பது அலுவலக நேரம். நமக்கு மாலை 4 முதல் காலை 10. ஐந்து வாரம் வரை அப்டேட்டை நிறுத்தி வைக்கவும் வழி உண்டு. ப்ரோ பதிப்பில் குரூப் பாலிசி மூலம், டவுன்லோட் செய்யும் முன்பே கேள் என்று வைப்பதுதான் உருப்படியானது. நிலா வெளிச்சமான வாரத்தில், நீங்களே உட்கார்ந்து அப்டேட் கொடுத்து, எல்லாக் கருவியையும் ஒருமுறை கனெக்ட் செய்து பாருங்கள். நீனாவுக்கும், கருவிகளை சாஃப்ட்வேரோடு பேசவைக்கும் ஆஸ்காமுக்கும், டிரைவர்களுக்கும் இதே விதிதான். அமாவாசை வாரத்தில் எந்தப் புதுப் பதிப்பும் கூடாது.

ரிமோட் டெஸ்க்டாப்புக்கு ப்ரோ பதிப்பு வேண்டும்; ஹோம் பதிப்பு வேறு மெஷினிலிருந்து வரும் இணைப்பை ஏற்காது. நெட்வொர்க் ‘பப்ளிக்’ என்று இருந்தால் ஃபயர்வால் தடுக்கும், ‘பிரைவேட்’ ஆக்குங்கள். வெளியூர் இருட்டில் விண்டோஸின் மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்ப வேண்டாம். பகிர்ந்துகொள்ள இன்டர்நெட் இருந்தால்தான் அது கிளம்பும். 5 வோல்ட்டில் ஓடும் சின்ன டிராவல் ரவுட்டர் போதும், அதுவும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். யூஎஸ்பி 3 கேபிள்கள் கக்கும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் மேலேயே விழுகிறது. படம் இறங்கும் நேரத்தில் மட்டும் திரை உறைந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். வேலை முடிந்து விலகும்போது ஜன்னலை மூடுங்கள், சைன் அவுட் கொடுக்காதீர்கள். மூடினால் படமெடுக்கும் சீக்வென்ஸ் ஓடிக்கொண்டே இருக்கும். சைன் அவுட் கொடுத்தால் நீனாவோடு எல்லாம் சாத்தப்படும்.

இன்டர்நெட் இல்லாத இடத்துக்குப் போகுமுன் ஆஸ்டாப்பின் நட்சத்திர டேட்டாபேஸ் டிஸ்க்கில் இருக்கிறதா, கடிகாரம் சரியா என்று பாருங்கள். நேரம் 4 நிமிடம் பிசகினால் வானம் ஒரு டிகிரி பிசகும். நட்சத்திரங்களைப் பார்த்து இடம் கண்டுபிடிக்கும் பிளேட் சால்வ் அதைச் சரிக்கட்டிவிடும், மெரிடியன் ஃபிளிப் நேரத்தைச் சரிக்கட்டாது.

மற்ற இரண்டும்? ஏஎஸ்ஐஏர் வாங்கினால் மேலே சொன்ன பாதி வேலை மிச்சம். ஃபோனில் ஆப், நாலு 12 வோல்ட் அவுட்புட், விண்டோஸ் தொல்லை கிடையாது. கேமரா, ஃபோகஸர், ஃபில்டர் வீல் எல்லாம் ஏற்கெனவே ஸிடபிள்யூஓ என்றால் யோசிக்காமல் அதையே வாங்குங்கள். சில டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் கேமராக்களைத் தவிர வேறு கம்பெனி கேமரா அதில் ஏறாது; அந்தக் கட்டுப்பாடு பின்னாளில் வலிக்கும். ராஸ்பெரி பையில் வானப் படமெடுக்கும் சாஃப்ட்வேர்களான கேஸ்டார்ஸ், ஈகாஸ் அருமையாக ஓடும், லினக்ஸ் பழகியவர்களுக்கு. ஆனால் பை 4-இல் பேட்டரிக் கடிகாரம் கிடையாது, நாலு யூஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான், மின்சாரம் சட்டென்று போனால் எஸ்டி கார்டு கெடும். கார்டை விட்டுவிட்டு யூஎஸ்பி எஸ்எஸ்டியிலிருந்து பூட் செய்தால் கடைசித் தொல்லை வெகுவாகக் குறையும்.

பாதுகாப்பில் கடைசி வேலை பேக்கப். படங்களைக் காலையில் விண்டோஸின் ரோபோகாப்பி கட்டளை கொண்டு வீட்டு மெஷினுக்கு நகலெடுக்கலாம், ஆனால் ‘மிர்’ என்ற சுவிட்சைப் போடாதீர்கள். மினி பிசியில் இடம் பண்ண பழைய ஃபோல்டரை அழித்தால், அடுத்த முறை அது அங்கேயும் அழித்துவிடும். படத்தைவிட அதிகம் மறக்கப்படுவது செட்டிங்ஸ்: நீனா புரொஃபைல், பிஎச்டி2 புரொஃபைலும் டார்க் லைப்ரரியும் (கேமரா இரைச்சலைக் கழிக்க எடுத்த இருட்டுப் படங்கள்), ரெஜிஸ்ட்ரியில் உட்கார்ந்திருக்கும் ஆஸ்காம் அமைப்புகள். தனித்தனியாகத் தேடுவதைவிட, எல்லாம் ஒழுங்காக ஓடிய மறுநாள் குளோன்ஸில்லா என்ற சாஃப்ட்வேரால் முழு டிஸ்க்கையும் இமேஜ் எடுப்பது சுலபம். எடுத்ததோடு விடாமல், அதே அளவு இன்னொரு எஸ்எஸ்டியில் அதை மீட்டு, பெட்டிக்குள் மாட்டி, கேமராவும் மவுண்டும் கனெக்ட் ஆகின்றனவா என்று பாருங்கள். கனெக்ட் ஆகிவிட்டால், அந்த எஸ்எஸ்டியை ஆன்ட்டி-ஸ்டாட்டிக் கவரில் போட்டு, பெட்டியின் திருகுக்குப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவரோடு, கிட் பையிலேயே வைத்துவிடலாம்.