டெல்டா புழுதியிலும் ஐப்பசி மழையிலும் ஸ்வேட் சீட்

மன்னார்குடியில் இருந்துகொண்டு காருக்கு ஸ்வேட் சீட், அதாவது மேலே நுண் மயிர் நிற்கும் மெத்தென்ற துணி சீட், போட்டிருக்கிறேன் என்றால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இந்த ஊர் புழுதிக்கு அது தாங்குமா?" தாங்குகிறது. மூன்று வருடம் தாண்டியும் உட்காரும் இடம் மெத்தென்று, நிறம் மங்காமல் இருக்கிறது. ஆனால் அதைக் காப்பாற்றுவது தண்ணீரும் ஷாம்புவும் இல்லை. உலர்ந்த பிரஷ்ஷும் வேக்குவமும்தான் முக்கால்வாசி வேலையைச் செய்கின்றன. ஈரத்தை எவ்வளவு குறைவாகக் காட்டுகிறோமோ அவ்வளவு காலம் இந்தத் துணி உழைக்கும்.

வண்டி சாதாரண செடான்தான். கம்பெனி துணி நைந்துபோனதும் தஞ்சாவூரில் ஒரு சீட் கவர் கடையில் தைக்கக் கொடுத்தேன். உட்காரும் இடம், முதுகு சாயும் இடம், ஹெட்ரெஸ்ட், ஆர்ம்ரெஸ்ட், கதவு பேட் எல்லாம் அடர் சாம்பல் நிறச் செயற்கை ஸ்வேட்; சீட்டின் ஓரங்களில் மட்டும் ரெக்சின். இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சைடு ஏர்பேக் சீட்டுக்குள்ளேயே இருக்கிற வண்டியாக இருந்தால், அது விரியும் ஓரத்தை மூடித் தைக்க விடாதீர்கள். அழகை விட அதுதான் முக்கியம். என் வண்டியில் சீட்டுக்குள் ஏர்பேக் கிடையாது, அதனால் துணிந்து தைத்தேன்.

ஸ்வேட் என்றதும் தோல் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. இதில் தோல் துளியும் இல்லை. 1970-ல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ என்ற விஞ்ஞானி உருவாக்கிய மிக நுண்ணிய பாலியஸ்டர் இழையிலிருந்து பிறந்தது இந்த வகைத் துணி. டோரே அதை அல்ட்ராஸ்வேட் என்று விற்றது. 1972-ல் இத்தாலியாவின் எனி (Eni) என்ற குழுமத்தோடு சேர்ந்து அங்கே தொடங்கிய நிறுவனம்தான் பின்னர் அல்காண்ட்ரா என்று பெயர் பெற்றது. அல்காண்ட்ராவில் ஏறக்குறைய 68 சதவீதம் பாலியஸ்டர், 32 சதவீதம் பாலியூரித்தேன். ஒரு பிளாஸ்டிக்குக்குள் இன்னொரு பிளாஸ்டிக்கின் நுண் இழைகள் பல ஓடும்படி சேர்த்து நூலாக இழுத்து, வெளியே இருப்பதைக் கரைத்து எடுத்துவிடுவார்கள். உள்ளே இருந்த இழைகள் மட்டும் தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லியதாக மிஞ்சும். அவற்றைப் பிடித்து நிறுத்துவது பாலியூரித்தேன்.

நம் ஊர் சீட் கவர் கடைகளில் ஸ்வேட் போலத் தெரிகிற எல்லாவற்றுக்கும் அல்காண்ட்ரா என்றுதான் பெயர். என்னுடையது அந்தக் கம்பெனித் துணி இல்லை, அதே மாதிரி நுண்ணிழைத் துணி. கடையில் மாதிரித் துண்டை வாங்கித் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் பின்னல் துணி போலக் கண்ணி கண்ணியாகத் தெரிந்தால், அது பாலியஸ்டர் பின்னலின் மேல்பக்கத்தை உரசி மயிர் எழுப்பியது. விலை குறைவு; பராமரிப்பு இரண்டுக்கும் ஒன்றேதான்.

பராமரிப்பு முழுவதும் அந்த நுண் மயிரைச் சுற்றித்தான். அது நிமிர்ந்து நின்றால் ஸ்வேட், படுத்து ஒட்டிக்கொண்டால் பழைய பாய். அதைப் படுக்க வைப்பவை தலை எண்ணெய், வியர்வை உப்பு, புழுதி, இவற்றோடு சேரும் ஈரம். டெல்டாவில் நான்குக்கும் குறைவே இல்லை.

தை, மாசி வந்தால் சம்பா அறுவடை. அறுவடை மெஷின் வயலில் இறங்கிவிட்டால் சாலை வரைக்கும் நெல் சுணை பறக்கும். நீடாமங்கலம் பக்கம் போனால் சாலையிலேயே நெல் காயும், அதன் மேல்தான் வண்டி ஓட்டிப் போக வேண்டியிருக்கும். கண்ணாடியை ஏற்றியிருந்தாலும் கதவைத் திறந்து மூடும்போது உள்ளே வந்துவிடும். இந்தச் சுணை சாதாரணத் தூசி மாதிரி மேலே படிவதில்லை. முனை முள்ளாக இருப்பதால் மயிருக்குள் குத்தி நிற்கும். கையால் தட்டினால் இன்னும் இறங்கும். ஈரத் துணியால் துடைத்தால் அதோடு ஒட்டியிருக்கும் வண்டல் தூசி சேறாகி இழையின் அடியில் போய் உட்காரும். காய்ந்தபின் அந்த இடம் மொடமொடவென்று ஆகிவிடும். அதனால் அறுவடைக் காலத்தில் என் சீட்டுக்குத் தண்ணீரே கிடையாது. மென்மையான பிரஷ் முனை மாட்டிய வேக்குவத்தை, உறிஞ்சும் வேகத்தைக் குறைத்து, தையல் ஓரத்திலிருந்து நடுவுக்கு இழுப்பேன். அப்புறம் குழந்தைகளுக்குத் தலை வாரும் மென்மையான பிரஷ்ஷால் ஒரு பக்கமாகவும், அதற்கு எதிர்ப்பக்கமாகவும் லேசாக வாரிவிட்டு, மறுபடி வேக்குவம். எதிர்ப்பக்கம் வாரும்போதுதான் உள்ளே குத்தியிருந்தது வெளியே வரும். வாரம் ஒரு முறை இதைச் செய்தால் போதும்.

துணி உண்மையில் தேய்வது டிரைவர் சீட்டில், கதவுப் பக்க விளிம்பில். ஏறி இறங்கும்போது தொடை உரசிக்கொண்டே போகும் இடம் அது. ஜீன்ஸ் பேன்ட்டின் பித்தளைப் பொத்தானும் அங்கேதான் படும். ஒரு முறை போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். நடுவில் மயிர் பஞ்சு போல நின்றது. விளிம்பில் நாலைந்து இழைகள் ஒன்றாக ஒட்டி, நுனி வளைந்து, அந்த இடம் மட்டும் பளபளவென்று மின்னியது. தேய்மானம் என்றுதான் தோன்றும். ஆனால் இந்தப் பளபளப்பில் பெரும்பகுதி வியர்வையும் எண்ணெயும்தான்.

அதை எடுத்த விதத்தைச் சொல்கிறேன். பழைய வெள்ளை வேட்டியைச் சதுரமாகக் கிழித்துக்கொள்ளுங்கள். வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். சிவப்புத் துண்டு, அச்சடித்த துணி எல்லாம் சாயம் விடும். தண்ணீருக்கு நான் எடுப்பது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். எங்கள் போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளை பூக்கும், நாகப்பட்டினம் பக்கம் போனால் உப்பு இன்னும் கூடுதல். அந்த உப்பைத் துணிக்குள் நாமே ஏற்றக் கூடாது. துணியை நனைத்து, இனிச் சொட்டு வராது என்கிற அளவுக்குப் பிழிந்து, ஒரே பக்கமாக லேசாகத் துடைக்க வேண்டும். அழுத்தித் தேய்க்க வேண்டாம். முதல் மடிப்பு பழுப்பாக வந்தது. மடிப்பை மாற்றி மாற்றித் துடைத்தேன், துணியை அலசி அலசி எடுத்தேன். பழுப்பு வெளிறி நின்றதும் நிறுத்திவிட்டேன். இரவு முழுக்க நிழலில் காயவிட்டு, காலையில் பிரஷ்ஷால் சின்னச் சின்ன வட்டமாக வாரினேன். இழைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து எழுந்தன. விரலால் ஒரு பக்கம் தடவினால் வெளிர் நிறம், மறுபக்கம் தடவினால் அடர் நிறம் என்று பழைய குணம் திரும்பி வந்தது. காயும் முன்பே வாரினால் இழை சுருண்டு முடிச்சு விழும், அதற்கு மட்டும் அவசரம் கூடாது.

ஹெட்ரெஸ்டுக்கு இது போதவில்லை. அம்மா தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்காமல் வெளியே கிளம்ப மாட்டார்கள், மல்லிகைச் சரமும் இருக்கும். எண்ணெய்க்குத் தண்ணீர் உதவாது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலை வெள்ளைத் துணியில் கொஞ்சம் தொட்டு, கறையின் வெளி ஓரத்திலிருந்து உள்ளே ஒற்றி எடுக்க வேண்டும், பின் ஈரத் துணியால் ஒரு முறை. முதலில் சீட்டின் அடியில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள். சாயம் துணியில் இறங்கினால் அதோடு விட்டுவிட வேண்டியதுதான். எண்ணெய் போகிறது, ஆனால் மறுபடி மறுபடி வருகிறது. இப்போது ஹெட்ரெஸ்டுக்கு ஒரு பருத்தி உறை போட்டிருக்கிறேன். வாரம் ஒரு முறை கழற்றித் துவைத்தால் தீர்ந்தது. ஸ்டீயரிங்குக்கு ஸ்வேட் உறை போடலாமா என்றால், நம் வெயிலில் கை வியர்வைக்கு வேண்டாம் என்பேன்.

வைத்தீஸ்வரன் கோயில், ஆலங்குடி, திருநள்ளாறு என்று வாரக் கடைசியில் கோயிலுக்குப் போகும் வண்டிகளுக்குத் திருநீறும் குங்குமமும் மஞ்சளும் சிந்தாமல் இருக்காது. திருநீறு சிந்தினால் ஈரக் கையால் தொடவே கூடாது. உலர்ந்த வேக்குவத்தில் முழுதாகப் போய்விடும். ஈரம் பட்டால் வெள்ளைப் பூச்சாகப் படியும். மஞ்சளுக்குச் சோப்பு போடாதீர்கள். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், பழைய முறையில் குங்குமம் செய்வதே மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துத்தானே. உலர்ந்த பொடியை எடுத்துவிட்டு, டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி, மிச்சச் சாயத்தை வெயிலுக்கு விட்டுவிடலாம். மஞ்சள் நிறம் வெளிச்சத்தில் மங்கும் குணமுடையது. சன்னல் வழியே காலை வெயில் படும்படி வண்டியை நிறுத்தினால் சில நாளில் தெரியாமல் போகும். மற்றபடி இந்தத் துணியை வெயிலில் காய வைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. மஞ்சளுக்கு மட்டும்தான் விலக்கு.

டிகிரி காபி சிந்தினால் உடனே ஒற்றி எடுப்பதுதான் வழி, அரை மணி நேரத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் போய்விடும். மேலே வெந்நீரை ஊற்ற வேண்டாம். பாலும் சர்க்கரையும் இருப்பதால் வெதுவெதுப்பான தண்ணீரில் பிழிந்த துணி, அதற்கும் நின்றால் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, அப்புறம் மறுபடி தண்ணீர்த் துணி. ரத்தம், முட்டை என்றால் குளிர்ந்த தண்ணீர் மட்டும். சூடு பட்டால் உறைந்து ஒட்டிக்கொள்ளும். சூயிங்கம்மை ஐஸ் வைத்து இறுக வைத்து உடைத்து எடுக்கலாம். வெற்றிலைச் சாறுக்கு மட்டும் நல்ல வழி எதுவும் எனக்குக் கைகூடவில்லை. கும்பகோணம் வெற்றிலை போட்ட வாயோடு ஏறுகிற பெரியவர்களிடம், "மாமா, துப்பிட்டு ஏறுங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஐப்பசி, கார்த்திகை மழை வேறு கதை. நனைந்த வேட்டியோடு ஏறி உட்கார்ந்தால் ஈரம் மேல் துணியைக் கடந்து உள்ளே ஃபோமுக்கு இறங்கிவிடும். மேலே தொட்டால் காய்ந்தது போல இருக்கும். மூடி நிறுத்திய வண்டியை ஓரிரு நாள் கழித்துத் திறந்தால் பூசண வாடை வரும். அந்த மாதங்களில் கண்ணாடியை இறக்கிவைத்துக் காயவிடுவதில் பயனில்லை, வெளிக்காற்றிலேயே ஈரம் நிறைய. ஏசியைப் போட்டு, ஃபேனைக் கூட்டி வைத்து ஓட்டுவதுதான் சரியான வழி. ஏசி காற்றிலிருந்து ஈரத்தைப் பிரித்துத் தண்ணீராகக் கீழே விட்டுவிடுகிறது. ஆகவே மழைக்காலத்தில் சீட்டைத் துடைக்க வேண்டியிருந்தால், அடுத்து தஞ்சாவூர் வரைக்கும் போகும் வேலை இருக்கிற நாளாகப் பார்த்துத் துடைக்கிறேன். சீட்டில் எப்போதும் ஒரு தடித்த பருத்தித் துண்டும் கிடக்கும், நனைந்து வருகிறவர்களுக்கு. பாலியூரித்தேன் வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் காலப்போக்கில் சிதையக்கூடியது என்பதால் இதில் நான் கொஞ்சம் கறாராகவே இருக்கிறேன்.

வாட்டர் சர்வீஸுக்கு விடும்போது உள்ளே தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு விடுங்கள். ஒரு கடையில் அந்தத் தம்பி, "அண்ணே, சும்மா ஒரு பாலிஷ் அடிச்சு விட்டேன், பளிச்னு இருக்கும்" என்று டேஷ்போர்டு பாலிஷைக் கதவு பேடிலும் சேர்த்து அடித்துவிட்டிருந்தார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். ஆனால் அந்த மாதிரி பாலிஷில் இருக்கும் சிலிக்கோன் எண்ணெய் இழைக்குள் போனால் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பல முறை ஆல்கஹாலால் ஒற்றி எடுத்தும் அந்தக் கதவு மற்ற மூன்றையும் விட ஒரு நிழல் கருப்பாகத்தான் இருக்கிறது. தோலுக்கான கண்டிஷனர், சலவைத் தூள், பிளீச், நைலான் தேய்ப்பான், நீராவி மெஷின் எதுவும் இந்தத் துணிக்கு ஆகாது. பையில் இருக்கும் ஒட்டுப் பட்டை (வெல்க்ரோ) கூட உரசினால் இழையைப் பிய்த்து உருண்டையாக்கிவிடும், பள்ளிக்கூடப் பைகளைத் தரையில் வைக்கச் சொல்வது அதற்காகத்தான்.

இவ்வளவு பார்க்க வேண்டுமா என்றால், எனக்கு மனநிறைவாகவே இருக்கிறது. சித்திரை வெயிலில் நிறுத்திவைத்த வண்டியில் ஏறும்போது ரெக்சின் சுடுகிற மாதிரி இது சுடாது. முதுகு வழுக்காது, வியர்வையில் சட்டை ஒட்டிக்கொள்ளாது. திருவாரூர், நாகப்பட்டினம் என்று நீண்ட நேரம் ஓட்டுகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் இடுப்பில் தெரியும். வாரத்துக்கு ஒரு கால் மணி நேரம் ஒதுக்க முடிகிறவர்கள் தாராளமாகப் போடலாம். வயல் வேலை முடித்துச் சேற்றுக் காலோடு ஏற வேண்டிய வண்டிக்கும், வாடகை வண்டிக்கும் ரெக்சின்தான் சரி. புதிதாகத் தைப்பவர்கள் நடுத்தரச் சாம்பலோ பழுப்போ எடுங்கள்; கறுப்பில் சுணையும் வெளிர் நிறத்தில் எண்ணெயும் உடனே காட்டிக்கொடுக்கும். தைத்த துணியில் ஒரு முழம் மிச்சம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கறை மருந்தையும் முதலில் அதில் போட்டுப் பார்க்கலாம், பின்னால் ஆர்ம்ரெஸ்டு நைந்தால் அந்தத் துண்டே மாற்றுத் துணியாகவும் உதவும்.