ஜேர்சி நாகு வாங்கப் போகிறவர்கள் இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் காசு கொடுக்காதீர்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பால்மாடு வளர்க்கிற எல்லோருக்கும்தான் இந்தப் பதிவு. நல்ல வம்சம், தாய் தகப்பன் விபரம் எல்லாம் எழுத்தில் இருக்கு என்று யாராவது நாகு (இன்னும் கன்று ஈனாத இளம் பசு) விற்க வந்தால், பத்திரத்தை விரிப்பதற்கு முன் கேளுங்கள்: இது ஒற்றைக் கன்றா, இரட்டையில் ஒன்றா? இரட்டை என்றால் கூடப் பிறந்தது நாகா, நாம்பனா (ஆண் கன்றா)? இந்த விஷயத்தை மறைத்துத்தான் என்னிடம் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபா வாங்கினார்கள்.

எங்கள் பட்டி கரடியனாறுப் பக்கம். கலப்பு மாடுகள்தான் நிற்கின்றன. பால் சேகரிக்கிற இடத்தில் கொழுப்புப் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். ஜேர்சிப் பாலில் கொழுப்பு 5 சதவீதத்தை ஒட்டி வரும், ப்ரீசியன் இன மாட்டில் பெரும்பாலும் 4க்குள் நின்றுவிடும், அதோடு ப்ரீசியனை விட ஜேர்சி சின்ன உடம்பு, எங்கள் வெயிலைக் கொஞ்சமாவது தாங்கும். அதனால் வம்சம் தெரிந்த ஒரு ஜேர்சி நாகு எடுத்து அதிலிருந்து பட்டியைத் திருத்தலாம் என்று மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிற ஒரு தனியார் பண்ணைக்குப் போனோம்.

பத்திரத்தில் குறை சொல்ல முடியாது. காது இலக்கம், தாயின் இலக்கம், தாய் முந்தின ஈற்றில் 305 நாளில் கறந்த அளவு, சினை ஊசிக்கு விந்து எடுத்த காளையின் இலக்கம் எல்லாம் இருந்தது. காளை இலக்கத்தை நான் வைத்தியர் அலுவலகத்தில் கொடுத்துப் பார்த்தேன், சரியாகவே இருந்தது. கருப்பை சோதித்ததா என்றும் நேரே கேட்டேன். "எங்கட டாக்டர் எல்லாம் பாத்துத்தான் வச்சிருக்கம்" என்றார் பண்ணைக்காரர். நாகு ஒன்றரை வயது இருக்கும். அந்தத் தொகுதியிலேயே அதுதான் எடுப்பானது, கழுத்துத் தடித்து, தோள் அகன்று, மயிர் மினுங்கிக்கொண்டு நின்றது. அந்த வளர்த்திக்காகவே மற்றதை விட முப்பதாயிரம் கூடக் கேட்டார்கள்.

வாங்கி வந்து மாதக்கணக்காகியும் அது பருவத்துக்கு வரவில்லை. கத்தவில்லை, வழும்பு போடவில்லை, மற்ற மாடு ஏறப் போனால் விலகி நடந்தது. 21 நாளுக்கு ஒரு தடவை வர வேண்டியது ஒரு தடவைகூட வரவில்லை. பண்ணைக்காரருக்கு எடுத்துச் சொன்னால் தாது உப்பு போதாது என்றார். தாது உப்பும் கொடுத்தோம். அப்புறம் தனக்குத் தெரிந்த ஒருவரை அனுப்பினார், அவர் வந்து ஹோர்மோன் ஊசி என்று போட்டு ஒவ்வொரு முறையும் காசு வாங்கிக்கொண்டு போனார். ஒரு தடவைகூட அந்த மாட்டுக்குள் கை விட்டுப் பார்க்கவில்லை! எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் இதில்தான். விற்றவன் மறைத்தது ஒரு பக்கம், வைத்தியம் என்று வந்தவர் சோதிக்காமலே ஊசி ஏற்றியது அதை விட மோசம்.

கடைசியில் அரசாங்க கால்நடை வைத்தியரைக் கூப்பிட்டோம். நீளக் கையுறை போட்டு, பின்பக்கத்தால் கை விட்டுத் தடவினார். கருப்பையின் கழுத்து, கோழிக்கழுத்து மாதிரிக் கட்டியாகக் கையில் தட்டுப்பட வேண்டுமாம், தட்டுப்படவில்லை. வாலைத் தூக்கி எங்களுக்கும் காட்டினார். யோனியின் கீழ் நுனியில் நீளமாக ஒரு மயிர்க் கொத்து, அதன் உள்ளே இருக்கிற பருப்பு (கிளிட்டோரிஸ்) வழக்கத்தை விடப் பெரிது. பிறகு வழவழப்பான ஒரு கோலை எண்ணெய் தடவி மெல்ல உள்ளே விட்டார். இந்த வயது நாகில் ஒரு சாணுக்கு மேலே போக வேண்டியது, நாலு விரல் அகலம் போனதும் முட்டி நின்றுவிட்டது.

ஃப்ரீமார்ட்டின் என்றார். நாம்பனோடு இரட்டையாகக் கருவில் இருந்த நாகு. இரண்டு கன்றின் நச்சுக்கொடியும் ஒட்டி இரத்தக்குழாய்கள் இணைந்துவிடும், நாம்பனிலிருந்து வருகிற ஹோர்மோன் நாகின் கருப்பையை வளரவிடாமல் செய்துவிடும். அப்படிப் பிறக்கிற நாகுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மலடு. எந்த ஊசிக்கும் மருந்துக்கும் சரி வராது. உடம்பு மட்டும் நன்றாகத் தேறும், நாம்பன் சாயல்கூட வரும். நாங்கள் முப்பதாயிரம் கூடக் கொடுத்த வளர்த்தி அதுதான்.

பண்ணைக்குத் தெரியாமல் நடந்திருக்குமோ என்று சிலர் கேட்கிறார்கள். அங்கே முன்பு வேலை செய்த ஒருவர் என்னிடம் சொன்னது இது: "அது ரெட்டைக் கண்டுல ஒண்டு மனே. கூடப் பொறந்த நாம்பன அப்பவே வித்துப்போட்டாங்க." தெரிந்தேதான் விற்றிருக்கிறார்கள். காசைத் திருப்பிக் கேட்டபோது, கொண்டுவந்து விட்டால் இறைச்சி விலைக்கு எடுக்கிறேன் என்றார்.

வம்சப் பத்திரம் பொய் இல்லை, அதுதான் இதில் விளங்கிக்கொள்ள வேண்டிய இடம். தாய் எவ்வளவு கறந்தது, தகப்பன் யார் என்று அது சொல்லும். கட்டையில் நிற்கிற இந்த மாட்டுக்குக் கருப்பை இருக்கிறதா என்று அதில் ஒரு வரியும் இல்லை. ஆகவே பருவ வயது நாகு என்றால் விற்பவரின் டாக்டர் வேண்டாம், உங்கள் பகுதி அரச வைத்தியரைக் கொண்டு கை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சின்னக் கன்று என்றாலும் பார்க்கலாம், கோல் சோதனை அதிலும் செய்வார்கள், ஆனால் நீங்களாகக் கண்டதை உள்ளே விடாதீர்கள், கிழிந்துவிடும். அதே கையோடு புரூசெல்லோசிஸுக்கு இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். கன்று சிதைக்கிற நோய் அது, காய்ச்சாத பாலால் மனிதருக்கும் தொற்றும். கறவை மாடு என்றால் நாலு காம்புப் பாலையும் மடிநோய்க்குச் சோதிக்க வேண்டும், முதல்நாள் பின்னேரம் கறக்காமல் விட்டு மடியைப் பெருப்பித்துக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். காசு கொடுக்கும்போது "இது ஒற்றைக் கன்று. மலடு என்று வைத்தியர் சொன்னால் முழுக் காசையும் திருப்பித் தருவேன்" என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

அதே பண்ணையில் சித்திரைக்கு முன் இன்னொரு தொகுதி நாகு விற்கப் போகிறார்களாம். ஜேர்சி நாகு பார்க்க எங்கே போனாலும் கன்று ஈன்ற பதிவைக் கேட்டு, அந்தத் தாய் அன்றைக்கு எத்தனை கன்று போட்டது என்று பாருங்கள். காட்ட மாட்டேன் என்றால் காசைப் பையை விட்டு எடுக்காமல் திரும்பி வாருங்கள். ஏற்கனவே வாங்கி, பருவத்துக்கு வராத நாகு யாரிடமாவது நின்றால் இன்னொரு ஊசி போட முதல் வைத்தியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.