பெல்ட் கடைசி: தோட்டத்து ஊரில் ஏணி, சாரம், ஸ்கைலிஃப்ட் எது எதற்கு?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊர்களில் கூரை வேலை, சாய வேலை என்று குத்தகை எடுப்பவர்கள் ஹார்டுவேர் கடையில் முதலில் கேட்பது, "எந்தப் பாதுகாப்பு பெல்ட் நல்லது?" என்பதுதான். கேள்வி தலைகீழாக இருக்கிறது. பெல்ட்டுக்கு வேலை வருவது ஆள் விழுந்த பிறகு. விழாமல் நிற்க இடம் தருவது சாரம். ஏறவே தேவையில்லாமல் செய்துவிட்டால் அதற்கு ஈடு எதுவும் இல்லை. ஏறாமல் முடிப்பது முதலில், பெல்ட் கடைசியில் என்ற வரிசையில் ஒவ்வொன்றையும் எடை போடுகிறேன்.

ஏறாமல் வேலை முடிப்பது நமக்குப் புதிதல்ல. நாற்பது அடி செம்பனையில் குலை வெட்டுகிறவர் மரத்தில் ஏறுவதில்லை. தரையில் நின்று, நீண்ட கழியில் அரிவாளைப் பூட்டி அறுத்துத் தள்ளுகிறார். பால்மரத்தில் உயரப் பட்டையைச் சீவவும் நீளக் காம்புக் கத்தி இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில், தாழ்வாரத்துத் தண்ணீர்த் தகரத்தில் அடைத்த இலையை அள்ளுவதற்கு ஏணி தேடுகிறோம். வளைந்த முனையுள்ள குழாயைக் கழியில் கட்டித் தண்ணீர் பீய்ச்சினாலே பாதி அடைப்பு போய்விடும். சுவரின் மேற்பகுதிக்கு நீளக் கைப்பிடி உருளையால் சாயம் அடிக்கலாம். ஒரே எச்சரிக்கை: அலுமினியக் கழி மின்கம்பிக்கு அருகே போகக் கூடாது. குலை வெட்டும் கழி கம்பியில் பட்டு உயிர் போன கதை தோட்டத்துக்காரர்களுக்குப் புதிதல்ல.

ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் கை முதலில் போவது ஏணிக்கு. அதை ஒரேயடியாகத் தள்ளிவைக்கச் சொல்லும் பாதுகாப்பு வகுப்புகளோடு எனக்கு உடன்பாடு இல்லை. கால் மணி நேர வேலை, ஒரு கை எப்போதும் ஏணியைப் பிடித்திருக்கும் வேலை என்றால் ஏணி போதும். விளக்கு மாற்றலாம், ஓர் ஆணி அடிக்கலாம். சிக்கல் நம் வீடுகளின் அமைப்பில் இருக்கிறது. நான்கு பங்கு உயரத்துக்கு ஒரு பங்கு தள்ளி ஏணியின் கால் நிற்க வேண்டும். தாழ்வாரம் மூன்று மீட்டர் என்றால் சுவரிலிருந்து 75 சென்டிமீட்டர். பழைய தோட்ட வீடுகளில் சரியாக அந்த இடத்தில்தான் சிமெண்டுக் கால்வாய் ஓடுகிறது. ஆகவே ஏணியைக் கால்வாய்க்கு இந்தப் பக்கம், சுவரோடு ஒட்டி, செங்குத்தாக நிறுத்துகிறார்கள். அது பின்னால் சாய்கிறது. அல்லது அந்தப் பக்கம் செம்மண்ணில் நிறுத்துகிறார்கள். பிற்பகல் மழை பெய்த மண் என்றால் கால் சறுக்குகிறது. கால்வாயின்மேல் கனமான பலகை போட்டு, அது நகராமல் முட்டுக் கொடுத்து, ஏணியின் தலையைக் கட்டிவிட்டு ஏறுவதற்குப் பத்து நிமிடம் போதும். கூரைக்கு மாறி ஏறுவதாக இருந்தால் தாழ்வாரத்துக்கு மேல் மூன்றடி ஏணி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மின்கம்பி வீட்டுக்குள் நுழையும் பக்கத்தில் அலுமினிய ஏணி வேண்டாம். கண்ணாடி இழை ஏணி எடுங்கள்.

"பத்தடிதானே" என்ற பேச்சையும் இங்கேயே முடித்துவிடலாம். பத்தடிக்கு மேல் விழ வாய்ப்பிருந்தால் பாதுகாப்பு தர வேண்டும் என்று தொழிற்சாலைகளுக்கான 1970ஆம் ஆண்டு விதிமுறை சொன்னது. பலர் அதைப் புரட்டிப் போட்டு, பத்தடிக்குள் எதுவும் தேவையில்லை என்று படித்துக்கொண்டார்கள். மூன்று மீட்டரிலிருந்து விழுகிறவர் முக்கால் நொடியில், மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதுகிறார். சுதாரிக்க அவகாசம் மிகக் குறைவு.

ஒரு மாடி வீட்டுச் சுவர், பள்ளி மண்டபத்து மின்விசிறி, கடைவீதிப் பெயர்ப்பலகை ஆகியவற்றுக்கு என் தேர்வு சக்கரச் சாரம். இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும், வாளி வைக்க இடம் இருக்கும், சுற்றிலும் கம்பித் தடுப்பு இருக்கும். ஏணியில் அரை நாள் நின்று கால் மரத்துப் போகிறவருக்கு வேலையும் சீக்கிரம் முடியும். இதன் பலவீனம் கவிழ்வது. வெளியிடத்தில், அடியின் குறுகிய பக்கத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் மேடை உயரக் கூடாது என்பது பழகிய கணக்கு. அடி 1.3 மீட்டர் என்றால் நான்கு மீட்டருக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் வேண்டுமானால் பக்கவாட்டுக் கால்கள் பூட்ட வேண்டும். உட்புறமாக ஏற வேண்டும், சக்கரங்களைப் பூட்ட வேண்டும். மேலே ஆளை வைத்துக்கொண்டு தள்ளுவதை மட்டும் எவ்வளவு சொன்னாலும் விடமாட்டேன் என்கிறார்கள். இறங்கி ஏறும் இரண்டு நிமிடத்தை மிச்சப்படுத்த, சக்கரம் ஒரு கல்லில் தட்டினாலே கவிழும் நிலையில் ஓர் ஆளை நிறுத்துகிறார்கள்.

கோபுரம் என்று வந்தால் கணக்கே வேறு. கும்பாபிஷேகத்துக்கு முன் சுதைச் சிற்பங்களைச் சீர்செய்து வண்ணம் தீட்டுவது மாதக்கணக்கில் நடக்கும் வேலை. சிற்பி ஒரு முகத்தின் முன் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். அதற்கு நிலையான இரும்புச் சட்டச் சாரம்தான் சரி. பழைய முறையில் பாக்காவ் (சதுப்புநில மரம்) கட்டைகளைக் கயிற்றால் கட்டுவதை மலிவு என்பவர்கள் உண்டு. மழையில் நனைந்து வெயிலில் காயும் கயிறு எந்த முடிச்சில் தளர்ந்திருக்கிறது என்பதைக் கீழிருந்து யாரும் சொல்ல முடியாது. இரும்புச் சாரத்திலோ ஒரு பார்வையில் குறை தெரியும். பார்க்க வேண்டியவை இவை: கால்களுக்கு அடியில் தகடும் பலகையும், கட்டடத்தோடு இடைவிட்டு இணைப்பு, இடைவெளி இல்லாத மேடை, இடுப்புக்கும் முழங்காலுக்கும் தடுப்புக் கம்பி, பொருள் உருளாமல் விளிம்புப் பலகை. குறுக்குக் கம்பிகளை மட்டும் தினமும் எண்ண வேண்டும். சாயவாளி நுழையவில்லை என்று ஒருவர் கழற்றுவார். மாட்ட வேண்டியவர் மறுநாள் வேறு தளத்தில் இருப்பார். சாரம் கட்டும்போதும் பிரிக்கும்போதும் தடுப்பு எதுவும் இருக்காது என்பதால், அந்த வேலையைப் பயிற்சி பெற்றவர்களிடமே விட வேண்டும். கோயில் இளைஞர்களின் கூட்டுப்பணிக்கு ஏற்ற வேலை அல்ல அது.

ஆளைக் கூடையில் நிறுத்தி மேலே தூக்கும் இயந்திரம் ஸ்கைலிஃப்ட். அதன் கவர்ச்சி வேகம். தெருவிளக்கு, உயரக் கிளை, நான்கைந்து இடத்தில் மட்டும் ஒழுகும் கூரை என்றால் அரை நாளில் முடித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஈப்போவிலிருந்து லாரியில் வர வேண்டும். சின்ன வேலைக்கும் முழு நாள் வாடகை கேட்பார்கள். இயந்திரம் பல டன் எடை. மழை குடித்த செம்மண்ணும், கால்வாய்மேல் போட்ட சிமெண்டுப் பலகையும் அதைத் தாங்காது. நீளக்கை வகையில் சக்கரம் ஒரு குழியில் இறங்கினால் மேலே கூடை கவண்போல் ஆளை எறியும். அதனால்தான் கூடைக்குள் நிற்பவரும் குட்டையான வாரைக் கூடையின் கொக்கியில் மாட்ட வேண்டும். பெல்ட்டுக்குச் சந்தேகமே இல்லாத இடம் இது ஒன்றுதான்.

மற்ற இடங்களில் பெல்ட்டின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இடுப்பில் மட்டும் கட்டும் பழைய பெல்ட்டைப் பேச்சிலேயே சேர்க்க வேண்டாம். அது விழும் உடலை இரண்டாக மடிக்கும். தோள், தொடை எல்லாம் பிடிக்கும் முழு உடல் ஹார்னஸ் என்றே வைத்துக்கொள்வோம். ஹார்னஸைக் கொக்கியோடு இணைக்கும் வார் 1.8 மீட்டர். அதிர்ச்சியைத் தாங்கும் பொதி பிரிந்து நீள்வது 1.75 மீட்டர் வரை. முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை ஒன்றரை மீட்டர். பாதுகாப்புக்கு ஒரு மீட்டர். கூட்டினால், கொக்கி மாட்டிய புள்ளிக்குக் கீழே ஏறக்குறைய ஆறு மீட்டர் வெட்டவெளி வேண்டும். நம் வீட்டுக் கூரையின் முகடே ஐந்து மீட்டர் இருக்குமா என்பது சந்தேகம். ஆக, விலை உயர்ந்த ஹார்னஸ் மாட்டியவர் வார் முழுதும் விரிவதற்குள் தரையைத் தொட்டுவிடுவார்.

தாழ்ந்த கூரையில் ஹார்னஸைக் கட்டுக்கயிறாகப் பயன்படுத்துவதே வழி. விளிம்பை எட்ட முடியாத அளவுக்கு வாரைக் குட்டையாக்கி, உறுதியான இடத்தில் மாட்டிவிட வேண்டும். உறுதியான இடம் என்பது ஒரு ஆளின் எடையைத் தாங்கும் கம்பி அல்ல. ஐரோப்பியத் தரம் 12 கிலோ நியூட்டன், அதாவது ஒரு டன்னுக்கு மேல் இழுவையைத் தாங்கச் சொல்கிறது. கரையான் தொட்ட உத்தரமோ தகரத்தில் அடித்த ஆணியோ அதற்கு ஆகாது. உயரக் கட்டடத்தில் விழுந்து தொங்குகிறவரைச் சில நிமிடங்களில் இறக்க வேண்டும், இல்லையென்றால் கால்களில் இரத்தம் தேங்கி மயங்குவார். யார் இறக்குவது, எதைக் கொண்டு என்று முன்கூட்டியே பேசாத இடத்தில் ஹார்னஸ் பாதி ஏற்பாடுதான்.

அஸ்பெஸ்டாஸ் கூரைக்கு மேலே சொன்ன எதுவும் தனியாகப் போதாது. பழைய தோட்டக் கட்டடங்களில் அது இன்னும் இருக்கிறது. ஆணி வரிசையில் கால் வைத்து நடந்தால் உடையாது என்ற நம்பிக்கை பலரை உள்ளே இறக்கியிருக்கிறது. வெளிச்சத்துக்குப் போட்ட பிளாஸ்டிக் தகடு இன்னும் மோசம். பாசி படிந்து, பக்கத்துத் தகட்டின் நிறத்துக்கே வந்துவிடும். முடிந்தவரை உள்ளே சாரம் போட்டுக் கீழிருந்து மாற்றுங்கள். மேலேதான் போக வேண்டும் என்றால், சட்டங்களின் மேல் அமரும் அகலப் பலகை போட்டு அதில்தான் நகர வேண்டும்.

செலவைச் சொல்லி மறுக்கும் குத்தகையாளர்களுக்கு ஒரு செய்தி. திருத்தப்பட்ட தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. முதலாளியின் பொதுக் கடமையை மீறினால் 50,000 ரிங்கிட்டாக இருந்த உச்ச அபராதம் 500,000 ரிங்கிட் ஆகிவிட்டது. ஐந்து பேரை வைத்து வேலை வாங்குகிறவரும் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். ஆபத்து கண்முன்னே இருக்கிறது என்று நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளி சரிசெய்யாவிட்டால் அங்கிருந்து விலகலாம்.

சக்கரச் சாரத்தை வாடகைக்கு எடுத்தால், லாரி வாசலில் நிற்கும்போதே துண்டுகளை எண்ணிவிடுங்கள். சக்கரப் பூட்டு நான்கும் பிடிக்கிறதா, தடுப்புக் கம்பிகள் எல்லாம் வந்திருக்கின்றனவா, மேடைப் பலகையின் கொக்கி வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். "ஒரு கம்பிதானே, நாளைக்கு அனுப்புகிறேன்" என்றால் ரசீதில் கையெழுத்துப் போடாமல் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.