படபடப்பு: ஹோல்ட்டரா, பேட்ச்சா?

சர்க்கரையோ பிரஷரோ உள்ளவருக்கு நெஞ்சு படபடத்தால் முதலில் ஈசிஜி. ஆனால் அதில் பதிவாவது சுமார் 10 நொடிதான். படபடப்பு அடங்கியபின் எடுத்தால் நார்மல் என்றே வரலாம். அப்புறம்தான் இந்தக் கேள்வி: இதயத் துடிப்பை நாள்கணக்கில் தொடர்ந்து பதிவு செய்ய ஹோல்ட்டர் கருவியா, பேட்ச்சா?

தினமும் வருகிறதா? 24 முதல் 48 மணி நேர ஹோல்ட்டர் போதும். இடுப்பில் சின்னப் பெட்டி, மார்பில் ஒயர்கள்; கழற்றும்வரை பொதுவாகக் குளிக்க முடியாது.

வாரம் ஒருமுறைதான் என்றால் ஹோல்ட்டரில் எதுவும் சிக்காமல் போகலாம். அதற்கு 14 நாள் வரை மார்பில் ஒட்டியிருக்கும் பேட்ச்தான் சரி. செலவு கூடுதல், சிலருக்குத் தோல் அரிக்கும். ஆனாலும் வயதானவர்களுக்கு நான் இதையே சொல்வேன். விட்டுவிட்டு வரும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிப்பது) ஹோல்ட்டருக்கு எளிதாகத் தப்பிவிடும். கவனிக்காமல் விட்டால் பக்கவாதத்தில் கொண்டுபோய் விடலாம்.

எதை மாட்டினாலும் படபடத்த நேரத்தைக் குறித்து வையுங்கள். மயக்கமோ நெஞ்சுவலியோ சேர்ந்து வந்தால் இரண்டுக்கும் காத்திருக்காதீர்கள், உடனே எமர்ஜென்சிக்குப் போங்கள்.