பெயிண்ட் கலக்க ஏர் மோட்டார்: எட்டு மாசம் ஓட்டிப் பாத்தது

நம்ம யூனிட்ல 200 லிட்டர் பேரல்ல தின்னர் பெயிண்ட் கலக்கணும். சாதாரண மோட்டார் போட்டா ஒரு பொறி போதும், முடிஞ்சுது கதை. உள்ள பொறி வந்தாலும் வெளிய தீ பரவவிடாத ஃப்ளேம்ப்ரூஃப் மோட்டார் பாத்தேன், கனம் தாங்கல, பேரலுக்குப் பேரல் மாத்தி மாட்ட ரெண்டு ஆள் வேணும். ஹைட்ராலிக்னா பவர்பேக்கு, டேங்க்குன்னு ஒரு குடும்பத்தையே கூட்டிட்டு வரணும். கடைசியா கம்ப்ரஸர் காத்துல சுத்தற அரை எச்பி ஏர் மோட்டார் வச்ச ஸ்டிரர் (கலக்கி) வாங்கினேன், வேன் டைப், அதாவது உள்ள சுத்தற ரோட்டர்ல காத்து தள்ளற சின்னத் தகடுங்க (வேன்) இருக்கும்.

ஒத்த கையில தூக்கிடலாம், வால்வைத் திருப்பினா வேகம் கூடும் குறையும், அவ்ளோதான். ஒருநாள் அடியில பிக்மென்ட் கட்டியாகி பிளேடு அப்படியே நின்னுடுச்சு, கரண்ட் மோட்டாரா இருந்தா காயில் பொகஞ்சிருக்கும், இது சும்மா நின்னுட்டு இருந்துச்சு, கட்டிய கிண்டிவிட்டதும் மறுபடி சுத்துது. அங்கதான் எனக்கு மனசுக்குப் புடிச்சுப்போச்சு.

ஆனா காத்தை குடிக்குது பாருங்க. 1 எச்பி ஏர் மோட்டார் ஓட கம்ப்ரஸர் பக்கம் 7, 8 எச்பி கரண்ட் போகும். "கம்ப்ரஸர் இருக்குல்ல சார், போதும்"னு சொல்லித்தான் கடைக்காரர் வித்தார், நம்மகிட்ட இருக்கறது 5 எச்பி, ஸ்ப்ரே கன்னும் அதுலயேதான், ரெண்டும் சேந்து ஓடுனா 6 பார் இருந்த முள்ளு 3க்கு எறங்கிடுது. இப்ப கலக்கறது காலையில, ஸ்ப்ரே மத்தியானம்னு பிரிச்சு வச்சிருக்கோம்.

எஃப்ஆர்எல் (காத்தை வடிகட்டி, அழுத்தத்தை சரிபண்ணி, ஆயில் சேக்கற செட்) போடணும்னும் அவர் சொல்லல. ரெண்டாவது மாசம் இழுத்து இழுத்து சுத்துச்சு, பிரிச்சுப் பாத்தா லைன்ல வந்த துருத்தண்ணி உள்ள பூரா, வேன் ரோட்டர்லயே ஒட்டிக்கிச்சு. ஃபில்டரும் ஆயில் லூப்ரிகேட்டரும் போட்டப்புறம் சரி, ஆனா அடுத்த தலைவலி, எக்ஸாஸ்ட்ல ஆயிலும் சேந்து வருது, அது பெயிண்ட்ல விழுந்தா அடிக்கற எடமெல்லாம் குழி குழியா ஃபிஷ் ஐ. ஒரு பேட்ச் அப்படிப் போச்சு. எக்ஸாஸ்ட்டுக்கு ஹோஸ் மாட்டி வெளிய விட்டுட்டேன், எரைச்சலும் கொறஞ்சுது.

கரண்ட் இல்லைன்னு அசால்ட்டா இருந்துடாதீங்க, பெயிண்ட் சுத்தறதுலயே ஸ்டாட்டிக் ஏறும், பேரலுக்கும் ஸ்டிரருக்கும் எர்த் கிளாம்ப் கண்டிப்பா மாட்டணும்.

தின்னர், சால்வென்ட் வேலைன்னா தாராளமா வாங்கலாம். வாட்டர் பேஸ்னா காசைக் காத்துல விடாதீங்க, சாதா மோட்டாரே போதும். வாங்கறப்பவே ஒரு வேன் செட் சேத்து வாங்கிடுங்க, எனக்கு அது வந்து சேர 12 நாள் ஆச்சு, அதுவரைக்கும் பசங்க மரக்கட்டையாலதான் கிண்டினாங்க.