அணைந்த விளக்கை நம்பி ஏமாந்த கதை: கேம்பர்வேன் வைத்திருப்போர் கவனத்திற்கு

எங்கள் கேம்பர்வேனின் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கைச் சரிசெய்துவிட்டதாகச் சொல்லி, கோலாலம்பூரின் வடக்குப் பகுதியிலுள்ள ஒரு பட்டறை என்னிடம் 3,800 வெள்ளி (ரிங்கிட்) வாங்கியது. விளக்கு அணைந்தது உண்மைதான். ஆனால் முன்னிருக்கையின் பக்கவாட்டு ஏர்பேக்கை அதன் மின்கம்பியிலிருந்தே பிரித்துவிட்டு, அந்த இடத்தில் சில காசுகள் மட்டுமே பெறுமானமுள்ள ஒரு மின்தடையை (ரெசிஸ்டர்) வைத்துக் கட்டியிருந்தார்கள் என்பது இரண்டரை மாதம் கழித்துத் தற்செயலாகத்தான் தெரியவந்தது. அந்த இரண்டரை மாதமும் அந்த இருக்கையில் அமர்ந்து வந்தவர் என் தாயார். விவகாரம் இப்போது பயனீட்டாளர் (நுகர்வோர்) தீர்ப்பாயத்தின் முன் இருப்பதால் பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. செய்த முறையை மட்டும் விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் இதை எந்த ஊரில், எந்தப் பட்டறையிலும் செய்துவிட முடியும்.

எங்களுடையது முதலில் சரக்கு வேனாக இருந்து, பின்னர் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து மாற்றியமைக்கப்பட்ட ஓர் ஐரோப்பிய வண்டி. நான் பழைய வண்டியாக வாங்கியபோதே ஓட்டுநருக்கு அடுத்த இருக்கையின் அடியில் சுழல்தகடு ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. வண்டியை நிறுத்தியபின் அந்த இருக்கையைப் பின்பக்கமாகத் திருப்பிவிட்டால் நான்கு பேர் மேசையைச் சுற்றி அமர்ந்து சாப்பிடலாம். வசதியான ஏற்பாடுதான். ஆனால் தொழிற்சாலையில் அந்த இருக்கை ஒரே திசையில் இருப்பதற்காகத்தான் செய்யப்பட்டது என்பதையும், அதன் அடியில் ஓடும் கம்பிகளின் நீளமும் அந்தக் கணக்கிலேயே வெட்டப்பட்டது என்பதையும் நான் அப்போது யோசிக்கவில்லை.

கடந்த தீபாவளி விடுமுறையில் தைப்பிங் போய்த் திரும்பும் வழியில், தாப்பா ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தி, இருக்கையைத் திருப்பி வைத்துத் தேநீர் குடித்தோம். புறப்படும்போது இருக்கையை மறுபடி முன்பக்கம் திருப்பிச் சாவியைப் போட்டேன். வழக்கமாக ஏர்பேக் விளக்கு சுமார் 6 வினாடிகள் எரிந்துவிட்டு அணைந்துவிடும். அந்தச் சில வினாடிகளில்தான் ஏர்பேக்கின் கணினியான கட்டுப்பாட்டுப் பெட்டி தன் கீழுள்ள ஒவ்வொரு ஏர்பேக்கின் மின்சுற்றையும், இருக்கைப் பட்டையை இழுத்துப் பிடிக்கும் கருவிகளையும் சோதித்துப் பார்க்கிறது. அன்று விளக்கு அணையவே இல்லை. கோலாலம்பூர் வந்து சேரும்வரை எரிந்துகொண்டேயிருந்தது.

மறுநாளே பட்டறைக்குப் போனேன். உரிமையாளர் நம்மவர், வாய்க்கு வாய் 'அண்ணே' என்று அழைப்பவர், வந்தவர்களுக்கெல்லாம் தாமே காப்பி வாங்கிக் கொடுப்பவர். உள்ளங்கை அளவுள்ள ஒரு ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, திரையை என் பக்கம் திருப்பாமலேயே, "அண்ணே, ஏர்பேக் கம்ப்யூட்டர் போயிருச்சு. புதுசு வாங்கினா பத்தாயிரத்தத் தாண்டும். ஹாஃப்கட் கடையில எடுத்துப் போட்டுத் தர்றேன்" என்றார். ஹாஃப்கட் கடை என்றால் பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும் கடை. இருக்கையைத் திருப்பியபின்தான் விளக்கு எரிந்தது என்று நான் சொன்னேன். "அதெல்லாம் சம்பந்தமில்லண்ணே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

இந்த இடத்தில் நான் பின்னால் தெரிந்துகொண்ட இரண்டு செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். கடைகளில் நூறு வெள்ளிக்குள் கிடைக்கும் சிறிய ஸ்கேனர்கள் பெரும்பாலும் 'P' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் எஞ்சின் பிழைக்குறிகளை மட்டுமே படிக்கும். ஏர்பேக்கின் பிழைக்குறிகளைப் படிக்க, அந்த வண்டித் தயாரிப்பாளரின் ஏர்பேக் பெட்டியோடு பேசத் தெரிந்த ஸ்கேனர் வேண்டும். இரண்டாவது, விபத்தில் சிக்கிய வண்டியிலிருந்து எடுத்த ஏர்பேக் பெட்டி அந்த விபத்தின் பதிவைத் தனக்குள் பூட்டி வைத்திருக்கும். வண்டிக்கு ஏற்றபடி மறுபடி நிரல் எழுதாமல் அதை அப்படியே மாட்டினால் விளக்கு அணையாது. ஆகவே அவர் சொன்ன வைத்தியத்தை அவர் உண்மையாகவே செய்திருந்தாலும்கூட அது பலனளித்திருக்குமா என்பது சந்தேகம்தான். எனக்கோ ஐந்தாறு நாளில் வண்டி கைக்கு வரவேண்டும் என்ற அவசரம். "சீக்கிரம் முடித்துக் கொடுங்கள்" என்று சொன்னது நானேதான்.

ஐந்தாம் நாள் வண்டி வந்தது. சாவியைப் போட்டேன். விளக்கு எரிந்தது, 6 வினாடியில் அணைந்தது. விளக்கின் பல்பையே பிடுங்கிவிட்டு ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால், அது எரிந்து அணைந்ததைப் பார்த்ததும் எனக்கு முழுத் திருப்தி. பழைய பெட்டியைக் கேட்டதற்கு, ஹாஃப்கட் கடைக்காரர் எடுத்துக்கொண்டார் என்றார். ரசீதில் 'ஏர்பேக் சர்வீஸ்' என்ற ஒற்றை வரியும் தொகையும்தான் இருந்தன. பாகத்தின் எண்ணும் இல்லை, பிழைக்குறியும் இல்லை, வேலைக் கூலி எவ்வளவு என்ற பிரிவும் இல்லை.

அம்மாவுக்குப் பட்டர்வொர்த்தில் உறவினர்கள் இருப்பதால், தைப்பூசத்திற்குப் பினாங்குத் தண்ணீர்மலைக்குப் போய் வந்தோம். ஏறக்குறைய 350 கிலோமீட்டர் போகவும் அதே அளவு வரவும் அம்மா அந்த இருக்கையில்தான் இருந்தார். வழியெல்லாம் இருக்கையின் அடியில் கிறீச்சென்ற சத்தம் கேட்டுக்கொண்டே வந்ததால், ஊர் திரும்பியதும் செலாயாங்கில் இருக்கை தைக்கும் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் இருக்கையின் நான்கு போல்ட்டுகளையும் தளர்த்திச் சற்றுப் பின்னால் சாய்த்தவர், அப்படியே நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

இருக்கையின் அடியிலிருந்து வரும் மஞ்சள் நிறச் செருகி எதிலும் மாட்டப்படாமல் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. "நான் கழற்றல. வரும்போதே இப்படித்தான் இருக்கு. இது மாட்டாம இருந்தா ஏர்பேக் விளக்கு எரியணுமே?" என்றார். சாவியைப் போட்டுப் பார்த்தோம். விளக்கு எரிந்தது, ஒழுங்காக அணைந்தது. அவருக்கு வயது அறுபதுக்கு மேல் இருக்கும். தொழில் இருக்கை தைப்பது மட்டும்தான். ஸ்கேனர் வைத்திருந்தவர் மறைத்ததை அவர் கண்ணால் பார்த்தே சொல்லிவிட்டார். அதன்பின் அந்தச் செருகியைத் தொடமாட்டேன் என்று கையை எடுத்துக்கொண்டார். அது இன்னும் பெரிய விஷயம். ஏர்பேக் கம்பிகளுக்கும் செருகிகளுக்கும் மஞ்சள் நிறம் கொடுப்பதே, தெரியாதவர்கள் கை வைக்கக்கூடாது என்பதற்காகத்தான்.

கம்பளத்தைத் தூக்கினால் மீதிக் கதை தெரிந்தது. வண்டியின் பக்கமிருந்து வரும் கம்பியில் மறுபாதிச் செருகி இருக்கவேண்டிய இடத்தில் அது வெட்டியெடுக்கப்பட்டிருந்தது. வெட்டிய இரு முனைகளுக்கும் நடுவில் அரிசிமணியைவிடச் சற்றுப் பெரிதான ஒரு மின்தடை. அதன் மேல் கறுப்பு டேப் நான்கைந்து சுற்று. வியர்வையும் தூசியும் பட்டு டேப்பின் ஓரம் பிசுபிசுத்துச் சுருண்டிருந்தது. கம்பளத்தின் அடியில் அதை ஒரு பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கியும் விட்டிருந்தார்கள், ஆடிச் சத்தம் போடக்கூடாதென்று. அந்த அக்கறையைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

இது எப்படி ஏமாற்றுகிறது என்றால், ஏர்பேக்கை வெடிக்க வைக்கும் சிறு தீப்பொறிக் குமிழுக்குள் ஏறத்தாழ 2 ஓம் (மின்தடையின் அலகு) அளவுள்ள மெல்லிய கம்பி இருக்கிறது. கட்டுப்பாட்டுப் பெட்டி வெடிக்க வைக்காத அளவுக்கு மிகச் சிறிய மின்னோட்டத்தை அனுப்பி அந்த 2 ஓம் இருக்கிறதா என்று ஓயாமல் அளந்துகொண்டிருக்கும். கம்பி அறுந்தாலோ செருகி தளர்ந்தாலோ அளவு கூடிவிடும், உடனே விளக்கு எரியும். அதே அளவுள்ள மின்தடையை அங்கே வைத்துவிட்டால், எதிர்ப்பக்கம் இருப்பது ஏர்பேக்கா, வெறும் தடையா என்று பெட்டிக்கு வித்தியாசம் தெரியாது. பக்கவாட்டில் வேறொரு வண்டி வந்து மோதினால் பெட்டி தன் கடமையைச் சரியாகவே செய்து மின்சாரம் அனுப்பும். கறுப்பு டேப்புக்குள் அந்தத் தடை கருகும். பை விரியாது.

வண்டியை அங்கிருந்து மெதுவாக ஓட்டிக்கொண்டு, என் அக்காள் மகன் சொன்ன காஜாங் பட்டறைக்குப் போனேன். பின்னிருக்கையில்தான் அம்மாவை உட்கார வைத்தேன். அங்கிருந்தவர் முதலில் ஸ்கேனரையே எடுக்கவில்லை, பேட்டரியைத்தான் அளந்தார். கேம்பர்வேனில் குளிர்பெட்டி, விளக்கு, இன்வெர்ட்டர் என்று எல்லாம் சேர்ந்து எஞ்சின் பேட்டரியை உறிஞ்சியிருந்தால், வண்டியைக் கிளப்பும் நேரத்தில் மின்னழுத்தம் விழுந்து அதனாலேயே ஏர்பேக் பிழை பதிவாவது உண்டாம். எங்களுடையது 12.6 வோல்ட், குறையில்லை. பிறகு மடிக்கணினியோடு இணைத்து ஏர்பேக் பெட்டியைப் படித்தார். இடப்புறப் பக்கவாட்டு ஏர்பேக் சுற்றில் தடை அதிகம் என்ற பழைய பதிவு அதில் அப்படியே இருந்தது. அழிக்கக்கூட முதல் பட்டறைக்கு வழி தெரியவில்லை போலும், அல்லது சிரமப்பட விருப்பமில்லை. பெட்டிக்குள் எழுதப்பட்டிருந்த சேசிஸ் எண் எங்கள் வண்டியின் சேசிஸ் எண்ணேதான். நடுக் கன்சோலைத் திறந்து பெட்டியையும் காட்டினார். திருகாணித் தலைகளில் தொழிற்சாலையில் இட்ட வண்ணக்கோடு உடையாமல் இருந்தது. அம்புக்குறி பொறித்த மேல்மூடியில் பல வருடத் தூசி, ஒரு விரல் தடமும் இல்லை. 3,800 வெள்ளிக்கு மாற்றியதாகச் சொன்ன பெட்டியை யாரும் தொட்டதேயில்லை.

உண்மையான பழுது என்ன தெரியுமா? இருக்கை சுழலும்போதெல்லாம் கம்பி இழுபட்டு, செருகியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் உறைக்குள்ளேயே செப்பு இழைகள் அறுந்திருந்தன. அவ்வளவுதான். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, பெட்டிக்குள் தேங்கியிருக்கும் மின்சாரம் வடியும்வரை தயாரிப்பாளர் சொன்ன நேரம் காத்திருந்து, வெட்டுப்பட்ட பகுதியை எடுத்துவிட்டுப் புதிய செருகியும் கம்பியும் வைத்தார். ஏர்பேக்கின் பக்கத்தை மல்ட்டிமீட்டரால் அளக்கவே இல்லை. மீட்டரின் சிறு மின்னோட்டமும் பையை வெடிக்க வைத்துவிடலாம் என்பதால் அது கூடாது என்றார். அதற்குப் பதில் என்ன செய்தார் என்பதுதான் வேடிக்கை: ஒரு சிறு பெட்டியிலிருந்து 2 ஓம் மின்தடை ஒன்றை எடுத்து, ஏர்பேக்கின் இடத்தில் மாட்டி, பிழை போகிறதா என்று பார்த்தார். போனது. அப்படியானால் கம்பி சரி. தடையைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு ஏர்பேக்கை மாட்டினார். முறையான பட்டறையில் பத்து நிமிடச் சோதனைக் கருவியாக இருப்பதைத்தான் முதல் பட்டறை நிரந்தரமாகக் கட்டிவிட்டிருக்கிறது. கம்பிக்குச் சற்று நீளம் கொடுத்து, சுழல்தகட்டில் உரசாதபடி கிளிப் போட்டுத் தந்தார். ஸ்கேன், பாகம், கூலி எல்லாம் பிரித்தெழுதிய ரசீதில் மொத்தம் 340 வெள்ளி.

இன்னொன்றும் அவர் சொன்னார், கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். விளக்கு அணைந்திருப்பதால் ஏர்பேக் நலமாக இருக்கிறது என்று பொருளில்லை, மின்சுற்று நலம் என்று மட்டுமே பொருள். தக்காத்தா நிறுவனத்தின் ஏர்பேக்குகளின் கதையை மலேசியர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவற்றில் பையை விரிக்க வைத்திருந்த அம்மோனியம் நைட்ரேட் வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டுப்போய், வெடிக்கும்போது இரும்புச் சிதறல்களை முகத்தில் அடித்தது. அந்தப் பழுதுக்கு எந்த விளக்கும் எரியவில்லை. தயாரிப்பாளர் திரும்பப் பெறும் அறிவிப்பில் உங்கள் சேசிஸ் எண் இருந்தால் அந்தப் பாகத்தை இலவசமாகவே மாற்றித் தருவார்கள், அதற்குக் காசு கேட்கும் பட்டறையை நம்பாதீர்கள்.

படங்களோடு முதல் பட்டறைக்குப் போனேன். உரிமையாளர் மறுக்கவில்லை. "விளக்க அணைக்கணும்னுதானே கேட்டீங்க, அண்ணே? அணைஞ்சிருச்சில்ல?" என்றார். பிறகு 1,000 வெள்ளி திருப்பித் தருவதாகவும், வெளியில் சொல்லவேண்டாம் என்றும் இறங்கி வந்தார். வாங்காமல் வந்துவிட்டேன்.

மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்திருக்கிறேன். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் அந்தத் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளுக்கு முதல் எண் படிவத்தையும் 5 வெள்ளிக் கட்டணத்தையும் கொடுத்தால் போதும், வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அனுமதியே இல்லை. மூன்று ஆண்டுகளுக்குள் நடந்த விவகாரமாக இருக்கவேண்டும். இதை எழுதுவதற்கு ஒரு காரணம், அதே பகுதியில் அதே மாதிரி வேலை செய்துகொண்ட இன்னொருவர் இருந்தால் அவரும் மனுச் செய்யலாம் என்பது. இருக்கை, ஸ்டியரிங், டேஷ்போர்டு எதையாவது கழற்றி ஏர்பேக் விளக்கை அணைத்து வாங்கியிருப்பவர்கள், பிழைக்குறி எழுதிய தாளும் மாற்றிய பாகமும் கையில் இல்லையென்றால், வேறொரு பட்டறையில் காட்டி மஞ்சள் செருகிகள் மாட்டியிருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். நீங்களாகக் கையை விடாதீர்கள்.

விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. வெட்டியெடுத்த கம்பியையும் டேப் சுற்றிய மின்தடையையும் ரசீதோடு ஒரே உறையில் போட்டு வைத்திருக்கிறேன். சுழல்தகட்டை இப்போதைக்குப் போல்ட் போட்டுப் பூட்டிவிட்டோம், சாப்பாடு வெளியில் மடக்கு நாற்காலியில்தான்.