பழைய டெலிபோன் பூத்: எடுத்துவிடலாமா, மாற்றலாமா, இலவசமாக்கலாமா?

சில மாதங்களுக்கு முன், விழுப்புரம் பேருந்து நிலையம். இரவு பத்தரை மணி இருக்கும். பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். மருந்துச் சீட்டின் ஓரத்தைக் கிழித்து அதில் பத்து எண்களை எழுதி வைத்திருந்தார். மடித்து மடித்தே நைந்துபோன காகிதம். "தம்பி, இந்த நம்பருக்கு ஒரு போன் போட்டுக் குடுப்பா. பையன் வரேன்னான், காணோம்."

எனக்கு முன்னால் இரண்டு பேரிடம் கேட்டிருக்கிறார். இரண்டு பேரும் தரவில்லை. நானும் தயங்கினேன். முன்பின் தெரியாதவர் கையில் போனைக் கொடுத்தால் கணக்கில் இருக்கும் பணம் போய்விடும் என்று அவ்வளவு செய்திகள் படித்திருக்கிறோம். நானே எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டேன். அவர் குனிந்து என் விரல்களுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்து பேசினார். வீட்டு விஷயத்தை ஊரார் கேட்கப் பேச வேண்டிய நிலைமை.

அந்த இடத்தில் ஒரு காயின் போன் இருந்திருந்தால் அவர் யாரிடமும் கையேந்தியிருக்க வேண்டாம். உலகத்தில் மற்றவர்கள் தங்கள் பழைய பூத்களை என்ன செய்தார்கள் என்று அதன்பிறகுதான் தேடிப் படித்தேன். ஒவ்வொன்றையும் இரண்டே கேள்விகளால் அளந்து பார்த்தேன். அந்தப் பெரியவர் அதில் பேசியிருக்க முடியுமா? புயல், வெள்ளம் வந்து செல்போன் படுத்துவிட்டால் அது வேலை செய்யுமா?

முதலில் நாம் செய்தது. நாம் மொத்தமாக எடுத்துவிட்டோம். எடுத்தோம் என்பதைவிட, அவை தானாகச் செத்தன என்பதுதான் சரி. 1984இல் சாம் பிட்ரோடா முன்னின்று தொடங்கிய சி-டாட் என்ற அரசு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகள் ஊர் ஊராக வந்தன. பின்னாலேயே மஞ்சள் போர்டு போட்ட, வெளியூருக்கும் பேசக்கூடிய எஸ்.டி.டி. பூத்களும் வந்தன. மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை தந்ததால் பல குடும்பங்களுக்கு அதுவே சோறு போட்டது. கண்ணாடிக் கதவு, சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர், பேசி முடித்ததும் கரகரவென்று வெளியே வரும் பில். இரவு ஏற ஏறக் கட்டணம் பாதியாகும், அப்புறம் கால்வாசியாகும். அதற்காகவே காத்திருக்கும் வரிசை. போன் இல்லாத வீட்டுக்காரர்கள் பூத் எண்ணையே பி.பி. நம்பராகக் கொடுத்து வைத்திருப்பார்கள். பூத்காரர் ஒரு பையனை அனுப்பிக் கூப்பிட்டு வரச் சொல்வார். 2003இல் செல்போனுக்கு இன்கமிங் இலவசமானது, 2009இல் வினாடிக்கு ஒரு பைசா வந்தது. அதற்குப் பிறகு பூத்துக்கு வேலை இல்லை. தொழிலாகப் பார்த்தால் அது முடிந்த கதை. அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்வது யாருக்கும் உதவாது. ஆனால் தொழில் முடிந்ததும் சேவையும் சேர்ந்து போனது. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

பிரிட்டனின் வழி, கூட்டை வைத்துக்கொண்டு உள்ளிருப்பதை மாற்றுவது. ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்த சிவப்புக் கூண்டுகள் 1926 முதல் தெருவில் நிற்பவை. அவற்றை இடிக்க மனசு வராது, எனக்கும்தான். 2008 முதல் பிரிட்டிஷ் டெலிகாம் நிறுவனம் அவற்றை ஒரு பவுண்டுக்கு ஊர் சபைகளுக்குத் தந்துவருகிறது. சில குட்டி நூலகமாகின. பல கூண்டுகளில், நின்றுபோன இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி மாட்டியிருக்கிறார்கள். நல்ல யோசனை. ஆனால் பூட்டு போட்ட கருவிப் பெட்டியாக இருந்தால், திறக்கும் எண்ணை 999 என்ற அவசர எண்ணை அழைத்துத்தான் வாங்க வேண்டும். அதற்குக் கையில் ஒரு போன் வேண்டும். என் இரண்டு கேள்விக்கும் கூண்டு பதில் சொல்லவில்லை.

அங்கே எனக்கு உருப்படியாகத் தெரிவது கூண்டைவிட ஒரு விதிதான். ஆஃப்காம் என்ற அவர்களின் தொலைத்தொடர்பு ஆணையம் 2022இல் சுமார் 5,000 பூத்களை எடுக்கக் கூடாது என்று பாதுகாத்தது. நான்கு செல்போன் நிறுவனங்களின் சிக்னலும் முழுமையாகக் கிடைக்காத இடம், விபத்தோ தற்கொலையோ அதிகம் நடக்கும் இடம், ஆண்டுக்கு 52 அழைப்பாவது போகும் பூத் என்றெல்லாம் அளவுகோல் வைத்தார்கள். வாரத்துக்கு ஒரே ஒரு அழைப்பு போதும்! அந்த ஒருவருக்காக வைத்திருக்கிறார்கள். 2020 மே வரையிலான ஓராண்டில் பிரிட்டன் பூத்களிலிருந்து அவசர உதவிக்குப் போன அழைப்புகள் மட்டும் ஏறத்தாழ 1,50,000. குழந்தைகள் உதவி எண்ணுக்கு 25,000.

நியூயார்க் இன்னொரு வழியில் போனது. 2016 முதல் பூத்களை அகற்றி, லிங்க் என்ற உயரமான விளம்பரத் தூண்களை நட்டார்கள். இலவச வைஃபை, சார்ஜர், நாட்டுக்குள் இலவச அழைப்பு, அவசர பொத்தான் எல்லாம் அதில் உண்டு. 2022 மே மாதம் டைம்ஸ் சதுக்கத்துக்குப் பக்கத்தில் இருந்த, நகரத்துக்குச் சொந்தமான கடைசி பூத்தையும் கழற்றி அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். நம் பெரியவர் லிங்கில் பேச முடியும், ஆனால் நட்ட நடுத் தெருவில், ஸ்பீக்கரிலோ இயர்போனிலோதான். காதில் வைக்க ரிசீவர் கிடையாது. புயலில் கரன்ட் போனால் அது எவ்வளவு தாங்கும் என்று எனக்குத் தெரியாது. 2012இல் சாண்டி புயல் அடித்தபோது அதே நகரத்து மக்கள் சில்லறையோடு வரிசையில் நின்றது பழைய பூத்களுக்கு முன்னால்தான்.

நம் நாட்டில் 2020 டிசம்பரில் அறிவித்த பி.எம்.-வாணி திட்டமும் இந்த வகைதான். அந்தக் காலத்து பி.சி.ஓ. பூத்காரர் போலவே டீக்கடைக்காரரும் உரிமம் இல்லாமல் வைஃபை விற்கலாம். கடைக்காரருக்குப் பயனுள்ள ஏற்பாடு. போன் இல்லாமல் நிற்பவருக்கு வைஃபை எதற்கு?

ஆஸ்திரேலியா செய்தது எளிமையானது. 2021 ஆகஸ்டில் டெல்ஸ்ட்ரா என்ற அந்நாட்டுத் தொலைபேசி நிறுவனம் தன்னுடைய சுமார் 15,000 பொதுத் தொலைபேசிகளிலும் நாட்டுக்குள் அழைப்பதை இலவசமாக்கிவிட்டது. காசு போடும் பெட்டியைத் திறக்க, எண்ண, பழுது பார்க்க ஆள் வைக்கத் தேவையில்லாமல் போனது. வீட்டில் அடி வாங்கி, போனை எடுக்காமல் ஓடிவந்த ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பெரிய உதவி எது? அழைத்த எண் அவள் போனில் பதிவாகாது. கணவன் எடுத்துப் பார்க்க முடியாது.

ஜப்பானில் பச்சை நிறப் பொதுத் தொலைபேசி இன்னும் பத்து யென் காசில் ஓடுகிறது. இத்தனை தூரத்துக்கு ஒன்று இருக்க வேண்டும் என்று விதியே உண்டு. இப்போது அந்த தூரத்தைக் கூட்டி எண்ணிக்கையைக் குறைக்கிறார்கள் என்றாலும் விதி இருக்கிறது. பேரிடரில் அந்த லைன்களுக்கு முன்னுரிமை. 2011 பூகம்பத்துக்குப் பிறகு அவற்றில் பேச காசு வாங்கவில்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்தே செம்புக் கம்பி வழியாக 48 வோல்ட் வருவதால் தெருவில் கரன்ட் இல்லாவிட்டாலும் டயல் டோன் கேட்கும்.

இதை நம் ஊருக்கு அப்படியே கொண்டுவர முடியாது. செம்புக் கம்பிகள் பெரும்பாலும் போய்விட்டன. ஃபைபர் போனுக்கு இந்த முனையில் பேட்டரி இல்லாவிட்டால் கரன்ட் போனதும் அதுவும் போகும். 2015 சென்னை வெள்ளத்திலும் 2016 வர்தாவிலும் 2018 கஜாவிலும் செல்போன் செத்துப்போய், உறவினர் இருக்கிறார்களா இல்லையா என்றே தெரியாமல் தவித்தவர்கள் நாம். எனவே நாகை, கடலூர் பக்கத்துப் புயல் பாதுகாப்பு மையங்களிலாவது இரு முனையிலும் பேட்டரி வைத்த ஒரு ஃபைபர் போன் கட்டாயம் வேண்டும். செலவைக் காட்டித் தள்ளிப்போட முடியாத அவசரம் அது.

மற்ற இடங்களுக்கு நான் ஆஸ்திரேலியா பக்கம்தான். தெருவுக்குத் தெரு வேண்டாம். பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர் அறை ஓரத்தில் ஒன்று, அரசு மருத்துவமனையில் விசாரணைக் கவுண்டருக்குப் பக்கத்தில் ஒன்று, ரயில் நிலையத்தில் ஒன்று. காசு போட வேண்டாம், ஒரு அழைப்புக்கு மூன்று நிமிடம். 108 (ஆம்புலன்ஸ்), 112 (அவசர உதவி), 181 (பெண்கள் உதவி), 1098 (குழந்தைகள் உதவி) ஆகிய எண்கள் கண்ணில் படும்படி பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். மிரட்டல் அழைப்பு வருமே என்பார்கள். வரும்தான். மேலே கேமரா இருக்கும் இடத்தில் வைத்தால் செல்போனில் மிரட்டுபவனைவிட இவனைப் பிடிப்பது சுலபம். ஆஸ்பத்திரி வராந்தாவில் தூங்கும்போது போனைப் பறிகொடுத்துவிட்டு, ஊருக்குத் தகவல் சொல்ல வழியில்லாமல் நிற்கும், நோயாளிக்குத் துணையாக வந்தவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அன்றைக்கு அந்தப் பெரியவர் பேசி முடித்ததும் சீட்டைப் பழைய மடிப்பிலேயே மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அப்புறம் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு சுருக்குப்பையை எடுத்துப் பிரித்தபடி, "எவ்ளோ ஆச்சுப்பா?" என்றார்.